எதிர் டீம்காரி

யாரு சொன்னது என்னயப் பத்தி, ஞானதுரை மாஸ்டரா? நல்லா ஞாபகம் வச்சுத்தான் சொல்லுதியளா அண்ணாச்சி? திசையன்விளைப் பக்கம் பொம்பளப் பிள்ளைகளுக்குக் கபடி சொல்லிக் குடுக்காரே, ஒசரமா, முன்வழுக்கையா, அவருதானா? ‘டோர்னமெண்டுக்குப் பொங்கிப் போட சந்தனமாரியைக் கூப்பிடுங்க, பிள்ளைகளை வயிறு வாடாமப் பாத்துக்கிடுவா’ன்னு அவரு வாயாலயே சொன்னாரா? சரி, உக்காருங்க. அந்தச் சேர் வேண்டாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. மோர் தாரேன், குடிங்க. உங்க ஊருக்கு நான் வாரேனா வரலையாங்கதை அப்புறம் பேசுவோம். மொதல்ல அந்த மனுசனுக்கு நான் என்ன செஞ்சேன்னு நீங்க தெரிஞ்சுக்கிடணும். ஏன்னா அவருக்கே தெரியாது. அதான் அண்ணாச்சி என் வயித்தெரிச்சல்.

பழி வாங்குனா, பட்டவனுக்குத் தெரியணுமா இல்லையா? எட்டு வருசம் காத்துக் கிடந்து வாங்குன பழி. அவரு என்னடான்னா ஊர் ஊரா எனக்கு ஆள் பிடிச்சு அனுப்பிக்கிட்டு இருக்காரு. நீங்க மூணாவது ஆளு.

இந்த ஊர் டீமு அவரு உண்டாக்குனதுதான், அதை நான் இல்லன்னு சொல்ல மாட்டேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால உடமுள்ளு மண்டிக் காடாக் கிடந்த இடத்தை வெட்டித் திருத்தி, பன்னெண்டு பொம்பளப் பிள்ளைகளைச் சேத்து, தாய் தகப்பன் கிட்டப் பேசி, டவுசர் போட வச்சு ஆட விட்டாரு. எம்மக கனியும் அதுல ஒருத்தி. முழுப்பேரு சுயம்புக்கனி. வலது மூலையில நிப்பா. அவ கையில ஒரு கால் சிக்குச்சுன்னா வந்தவ கோட்டைத் தாண்டித் திரும்பிப் போனதா சரித்திரம் கிடையாது.

வெளியூருக்கு ஆடப் போனா சாப்பாட்டுக்கு என்ன வழி? பன்னெண்டு பிள்ளைகளை ஓட்டல்ல உக்கார வச்சுக் கட்டுப்படி ஆகுமா? மொத தடவை புரோட்டா வாங்கிக் குடுத்திருக்காவ. அதைத் தின்னுட்டு அடுத்த ஆட்டத்துல ரெண்டு பிள்ளை கோட்டுக்குள்ளயே வாந்தி எடுத்துட்டு. அதைக் கேட்டுட்டு நான் போனேன். யாரும் கூப்பிடல, நானாத்தான் போனேன். ஒரு அடுப்பு, ரெண்டு சட்டி, ஒரு வாளி. அவ்வளவுதான் என் கம்பெனி.

டோர்னமெண்டு நடத்துதவருக்கு நான் சொல்லணும்னு இல்ல, இருந்தாலும் சொல்லுதேன். ஒரு ஆட்டத்துக்கும் அடுத்த ஆட்டத்துக்கும் நடுவுல ஒண்ணரை மணி நேரம் கிடைக்கும். அதுக்குள்ள வயித்துல பாரமும் இருக்கப்படாது, வயிறு காயவும் படாது. ரேசன் அரிசியை நாலு தண்ணி விட்டுக் களைஞ்சா வாடை போயிரும். கொழையாம வடிச்சு, எலுமிச்சம்பழம் பிழிஞ்சு, ஆளுக்கு ஒரு கை. அவிச்ச நெலக்கடலை ஒரு கை. ரசகதலிப் பழம் ஒண்ணு. வெயில் அடிச்சா நீராகாரத்துல உப்பும் ரெண்டு சின்ன வெங்காயமும். கடைசியா கருப்பட்டித் துண்டு ஒண்ணை வாயில அடக்கிக்கிட்டுக் கோட்டுக்குள்ள போனா விசில் ஊதுத வரைக்கும் தாங்கும். வீட்டுக்குக் கொஞ்சம் அரிசி, ஒரு தேங்காய்னு வாங்குனா ரெண்டு நாள் ஆட்டத்துக்கு ஒரு டீமையே பாத்துரலாம். கோழி தின்னுட்டு வந்த டீமையெல்லாம் எம்பிள்ளைக இந்தக் கடலையைத் தின்னுட்டு மண்ணைக் கவ்வ வச்சிருக்குக. மூணு வருசம் பாத்தேன். ஒரு பிள்ளைக்கு ஒரு நாள் வயித்தக் கடுத்ததுன்னு யாராவது சொல்லட்டும்.

எடை ஆட்டம்தான் சனியன். ஐம்பத்தஞ்சு கிலோ ஆட்டம்னா காலையில பிள்ளைகளை மெஷின்ல ஏத்தி நிறுப்பாவ, துளி கூடுனாலும் வெளிய நில்லுன்னுருவாவ. அதனால மாஸ்டர் ரெண்டு நாள் முன்னாலயே பிள்ளைக வாயைக் கட்டிருவாரு. ராத்திரிக்கு அரை டம்ளர் கஞ்சி. பதினாறு வயசுப் பிள்ளை, நாள் முழுக்க ஓடுதா, உருளுதா, அவளுக்கு அரை டம்ளர் கஞ்சி. பட்டினி போட்டு எடையைக் கொறைக்கதுக்கு ஒரு மாஸ்டர் வேணுமா? அதை எங்க வீட்டு வறுமையே செஞ்சிரும்.

எட்டு வருசத்துக்கு முன்னால சாத்தான்குளத்துல அப்படி ஒரு எடை ஆட்டம். முந்தின நாள் சாயந்தரம் கனி பாயில சுருண்டு கிடக்கா, வயித்துல கையை வச்சுக்கிட்டு. பெத்த வயிறு கேக்குமா அண்ணாச்சி? நாங்க தங்கியிருந்த வீட்டுல மாவு வாங்கி நாலு தோசை சுட்டேன். நாலே நாலு. நல்லெண்ணெய் கொஞ்சம் தாராளமாத்தான் ஊத்துனேன், இல்லங்கல. ‘வேண்டாம்மா, வேண்டாம்மா’ன்னா. நான் கொஞ்சம் கண்ணைக் கசக்குனேன். தின்னுட்டா. இதுல என்ன தப்பு இருக்கு?

காலையில நிறுத்தா ஐம்பத்தஞ்சு கிலோ எண்ணூறு கிராம். நாலு தோசை எண்ணூறு கிராம் இருக்குமா, நீங்களே சொல்லுங்க. மெஷின் கோளாறு. நான் அன்னைக்கும் சொன்னேன், இன்னைக்கும் சொல்லுதேன்.

மாஸ்டர் விசாரிச்சாரு. தோசை கதை வெளிய வந்துட்டு. எங்க ஊர்ல இருந்து ரெண்டு வேன்ல ஆளு வந்து நிக்கி. அத்தனை பேருக்கு முன்னால என்னயப் பாத்துச் சொல்லுதாரு, ‘நமக்கு எதிர் டீம்னு வெளிய ஒண்ணு எதுக்கு? சோத்துச் சட்டியைத் தூக்கிக்கிட்டு நம்ம கூடவே வருது பாருங்க.’ எல்லாரும் சிரிச்சாவ. டீம் பிள்ளைகளும் சிரிச்சுது. எங்கையால தின்ன பிள்ளைக அண்ணாச்சி.

அதோட போச்சான்னா, போகல. ஊருக்கு வந்தா எனக்குப் பேரே அதாயிட்டு. மளிகைக் கடைக்காரன் கேக்கான், ‘என்ன எதிர் டீம் மைனி, பருப்பு கால் கிலோ போதுமா?’ பஸ்ல ஏறுனா, ‘எதிர் டீமு ஏறிட்டு, கதவைச் சாத்துங்கடே.’ கலியாண வீட்டுல பந்தி பரிமாறக் கரண்டியைத் தொட்டா, ‘யக்கா நீங்க தொடாதீங்க, மாப்பிள்ளைக்கு எடை கூடிரும்.’ சிரிப்பு. பம்பாய்ல கடையில நிக்காரு எங்க வீட்டுக்காரரு, அவரு காதுக்கே போயிட்டு. அவரும் ஃபோன்ல சிரிக்காரு. எட்டு வருசம். ஒருத்திக்கு சோறு பொங்கத் தெரியும்னா அதுதான் அவ கௌரவம். அதுல கொண்டு மண்ணைப் போட்டுட்டுப் போயிட்டான் அந்த ஆளு.

போயிட்டான்னா, அடுத்த வருசமே அவன் பெண்டாட்டி ஊருக்குப் போயிட்டான். அங்க ஒரு டீமைச் சேத்துட்டான். கனி அதுக்கப்புறம் கோட்டுக்குள்ள கால் வைக்கல. நானும் ஏன்னு கேக்கல, கேக்கதுக்கு என்ன இருக்கு, மனசு விட்டுப் போச்சு பிள்ளைக்கு. படிச்சா. இப்போ பள்ளிக்கூடத்துல பி.டி. டீச்சரு. ரெஃப்ரி பேட்ஜும் வாங்கியிருக்கா. வெளியூர்லதான் ரூம் எடுத்துத் தங்கியிருக்கா, ஞாயித்துக்கிழமை வந்துட்டுப் போவா.

போன பொங்கலுக்கு எங்க ஊர்லயே டோர்னமெண்டு வச்சாவ. பதினேழு வயசுக்கு உள்ள பொம்பளப் பிள்ளைக, ஐம்பத்தஞ்சு கிலோ, ரெண்டு நாள் ஆட்டம், ரெண்டு நாளும் காலையில எடை. வெளியூர் டீமுக்குப் பொங்கிப் போட என்னயக் கேட்டாவ. எந்தெந்த ஊரு வருதுன்னு கேட்டேன். மாஸ்டர் பெண்டாட்டி ஊர் பேரைச் சொன்னதும், ‘வாரேன், சம்பளம்கூட வேண்டாம்’னுட்டேன். கமிட்டிக்காரங்களுக்கு ஒரே சந்தோசம். கனியையும் கூப்பிட்டிருந்தாவ, எடை மெஷின் பக்கத்துல மேசை போட்டு உக்காந்து எழுததுக்கு.

வந்து எறங்குனாரு மாஸ்டர். என்னயப் பாத்தாரு. ‘யக்கா, நல்லா இருக்கியளா’ன்னாரு. அவ்வளவுதான். ஒண்ணுமே நடக்காத மாதிரி. சொன்னவன் மறந்துட்டான் பாருங்க, கேட்டவ தெனமும் கேட்டுக்கிட்டே இருக்கா. ‘நல்லா இருக்கேன் மாஸ்டர், பிள்ளைகளை எங்கிட்ட விட்டுட்டு நீங்க ஆட்டத்தைப் பாருங்க’ன்னேன். என் மூஞ்சியில சிரிப்பைப் பாத்திருக்கணும் நீங்க.

அவருக்கு ஒரு மக. பெனிட்டா. பதினஞ்சு வயசு. இங்க இருந்து போகும்போது தகப்பன் கையைப் பிடிச்சுக்கிட்டே திரிஞ்ச பிள்ளை, இப்போ அவதான் அந்த டீமுல கபடி பாடி எதிராளி பக்கம் போறவ. பாத்தாலே தெரிஞ்சுட்டு, பிள்ளை காஞ்சு போய்க் கிடக்கான்னு. கன்னம் ஒட்டி, கண்ணு மட்டும் பெருசா. கனிகிட்டப் பேச்சுவாக்குல கேட்டேன், ‘ஏளா, அந்த மாஸ்டர் மக எடை எவ்வளவு?’ அவளும் வெள்ளந்தியாச் சொன்னா, ‘ஐம்பத்து நாலு எண்ணூறும்மா, மயிரிழையிலதான் நிக்கா.’ எண்ணூறு. அந்த நம்பரைக் கேட்டதும் எனக்குள்ள ஒரு தெளிவு வந்துட்டு.

மொத நாள் ஆட்ட நேரத்துல நான் யாருக்கும் ஒரு குறை வைக்கல, அதை எந்தக் கோயில்ல வேணாலும் சத்தியம் பண்ணுவேன். ஆட்டத்துக்கு நடுவுல எலுமிச்சஞ்சோறு, கடலை, பழம், நீராகாரம், எல்லா டீமுக்கும் ஒரே மாதிரி. தொழில்ல கை வைக்க மாட்டேன் நான். அந்தப் பிள்ளை ரெண்டு ஆட்டம் ஆடுனா. ஆட்டமா அது. எதிராளி நாலு பேர் பிடிச்சும் கையை நீட்டிக் கோட்டைத் தொட்டுட்டு எந்திரிக்கா. சென்னையில இருந்து விளையாட்டு விடுதிக்குப் பிள்ளை எடுக்க ரெண்டு பேரு வரப்போறாவ, மறுநாள் ஆட்டத்தைப் பாத்துட்டுத்தான் ஆள் எடுப்பாவன்னு பேச்சு. விடுதியில சேந்துட்டா படிப்பு, சாப்பாடு, துணிமணி எல்லாம் அவங்க பொறுப்பு. மாஸ்டர் அதுக்காகத்தான் பிள்ளையை ஒரு வருசமாக் காயப் போட்டிருக்காரு.

சாயந்தரம் எங்கிட்ட வந்து சொன்னாரு, ‘யக்கா, எம்பிள்ளைகளுக்கு ஆளுக்கு ரெண்டு இட்லி. பெனிட்டாவுக்கு ஒண்ணு. அதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம்.’ ‘ஆகட்டும் மாஸ்டர்’னேன். நாளைக்கு யாரோட யாரு மோதணும்னு சீட்டுக் குலுக்கிப் போட மாஸ்டர்மாரையெல்லாம் பஞ்சாயத்து ஆபீசுக்குக் கூப்பிட்டுட்டுப் போயிட்டாவ. அங்க போனா டீ, வடை, சண்டைன்னு ரெண்டு மணி நேரம் ஆகும்னு எனக்குத் தெரியும்.

அன்னைக்கு நான் சமைச்ச மாதிரி எங்கலியாணத்துக்குக்கூட யாரும் சமைக்கல அண்ணாச்சி. தோலுளுந்தை வறுத்துப் போட்டு உளுந்தஞ்சோறு. தேங்காய்ப்பூவும் பூண்டும் நெறைய. எள்ளுத் தொவையல். சாளைக் கருவாட்டுக் கொழம்பு, கத்தரிக்காய் போட்டு, உப்பு ஒரு கை கூட. கருவாடு தின்னா தண்ணி கேக்கும், தண்ணி குடிச்சா எடை கேக்கும். கடைசில உளுந்தங்களி, கருப்பட்டியும் நல்லெண்ணெயும் மெதக்க. வாசம் அந்தத் தெருவையே தூக்குது. பிள்ளைக வந்து நிக்குதுக, ஒண்ணும் தட்டை நீட்டல. ஒண்ணை ஒண்ணு பாத்துக்கிடுதுக.

பெனிட்டாதான் சொன்னா, ‘அத்தை, எனக்கு ஒரு இட்லிதான். அப்பா வைவாவ.’

‘அப்பாகிட்ட நான் பேசிட்டேன் தாயி. இன்னைக்கு ஒரு நாளைக்குச் சாப்பிடச் சொல்லிட்டாவ’ன்னேன்.

‘நெசமாவா?’

‘நான் பொய் சொல்லுவேனா?’

உக்காந்தா. மொதல்ல கருவாட்டை எடுத்து மோந்து பாத்தா. ‘அத்தை, இதை மோந்து பாத்தே ஒரு வருசம் ஆகுது’ன்னா. அப்புறம் பேச்சே இல்ல. நான் பக்கத்துலயே உக்காந்து போட்டுக்கிட்டே இருந்தேன். போதும்னா, இன்னும் ஒரு கரண்டி. போதும் அத்தைன்னா, களி ஒரு உருண்டை. தண்ணி செம்பை நிரப்பி நிரப்பி வச்சேன். தின்னு முடிச்சுட்டுக் கையைக் கழுவி, உரிமையா என் சேலை முந்தியில தொடச்சுட்டு, ‘அத்தை, தூக்கம் தூக்கமா வருது’ன்னுட்டுப் போயிட்டா. போகட்டும், சேலையைத் தொவச்சாப் போச்சு. மத்த பிள்ளைகளும் தின்னுதுக. ஆனா அதுகளுக்கெல்லாம் எடையில இடம் இருந்துச்சு. கனி எழுதுன நோட்டைப் பாத்து வச்சிருந்தேன். எனக்கு வேண்டியது ஒருத்திதான்.

அன்னைக்கு நிம்மதியாத் தூங்குனேன் அண்ணாச்சி. எட்டு வருசத்துல அன்னைக்குத்தான்.

விடிஞ்சதும் எடை. நான் அடுப்படியில பாலைக் காய்ச்சிக்கிட்டு ஒரு கண்ணை மெஷின் மேலயே வச்சிருக்கேன். ஏறுனா. கனி குனிஞ்சு பாத்தா, மறுபடியும் ஏறி எறங்கச் சொன்னா, மறுபடியும் பாத்தா. ‘ஐம்பத்தஞ்சு அறுநூறு’ன்னா. அரை மணி நேரம் டைம் உண்டு, அதுக்குள்ள கொறைச்சுட்டு வந்தா ஆடலாம். மாஸ்டர் பிள்ளைகிட்ட என்ன தின்னன்னுகூடக் கேக்கல. வேர்த்து எடை எறங்கட்டும்னு ரெண்டு மழைக்கோட்டை மேல மேல மாட்டி விட்டாரு, பிள்ளை ஓட ஆரம்பிச்சா. கிரவுண்டைச் சுத்திச் சுத்தி ஓடுதா. எச்சியைத் துப்பித் துப்பி ஓடுதா. இருவது நிமிசம் கழிச்சு நிறுத்தா, முந்நூறு கூட.

நேரா எங்கிட்ட வந்து நிக்கா. முகமெல்லாம் வேர்வை. ‘அத்தை, கத்தரி இருக்கா?’

பால் கவர் வெட்டுத கத்தரி இருந்துச்சு. எடுத்துக் குடுத்தேன். பின்னலை முன்னால இழுத்துப் பாத்தா, வேர்வைக் கையில கத்தரி வழுக்குது, வெட்ட வரல. ‘நீங்களே வெட்டி விடுங்க அத்தை, சீக்கிரம்’னா. இடுப்புக்குக் கீழ தொங்குத முடி அண்ணாச்சி. தகப்பன் எடையைக் கொறைக்க என்னென்னமோ செஞ்சவன், அந்த முடியில மட்டும் கை வைக்க விட்டுருக்க மாட்டான். நான் வெட்டுனேன். பழைய கத்தரி, ஒரே வெட்டுல போகாது. கரகரன்னு அறுத்தேன். பின்னல் எங்கையில வந்துட்டு, கனமா இருந்துச்சு. அவ திரும்பிக்கூடப் பாக்காம ஓடிட்டா.

ஐம்பத்தஞ்சு கிலோ நூறு கிராம். டைம் முடிஞ்சு போச்சு. எழுதுனது எம்மக. பேனாவை வச்சுட்டுத் தலையைக் கவுந்துக்கிட்டா. சென்னை ஆளுங்க ரெண்டு பேரும் பிளாஸ்டிக் சேர்ல உக்காந்து பேப்பர்ல பேரைத் தேடி ஒரு கோடு போட்டாவ. அதை நான் பாத்தேன்.

மாஸ்டர் எங்கிட்ட நடந்து வாராரு. பின்னாலயே கூட்டம். என்னய எதிர் டீமுன்னு கூப்பிட்ட அத்தனை பேரும் அதுல இருக்கான். வா ராசா வான்னு நிக்கேன். அவரு ‘ஏன் போட்ட’ன்னு கேக்கணும், ‘வேணும்னுதான் போட்டேன், என்ன செய்வ’ன்னு நான் கேக்கணும். எட்டு வருசமா மனப்பாடம் பண்ணி வச்சிருந்த வசனம்.

வந்தாரு. கூட்டத்தைத் திரும்பிப் பாத்துச் சொல்லுதாரு, ‘யாரும் யக்காவை ஒரு வார்த்தை சொல்லாதீங்க. ஒரு வருசமா இந்தப் பிள்ளையைப் பட்டினி போட்டது நான். பசிச்ச பிள்ளை கேட்டா, தாயா இருக்கவ எப்படி இல்லன்னு சொல்லுவா? எட்டு வருசத்துக்கு முன்னால நாலு பேரு முன்னால யக்காவை ஒரு வார்த்தை சொல்லிட்டேன். அது எனக்கு உறுத்திக்கிட்டே இருக்கு. நாலு பேரு முன்னாலயே திருப்பி எடுத்துக்கிடுதேன்.’ சொல்லிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாரு.

நான் வாயைத் தொறந்தேன். வசனம் வரல. எப்படி வரும்? வேணும்னுதான் போட்டேன்னு சொன்னா, எடுத்த வார்த்தை திரும்ப என் தலையில வந்து விழும். எட்டு வருசமா அந்த வார்த்தையைத் திருப்பி எடுக்கணும்னுதான கிடந்தேன், கையில வந்ததை எப்படி விடுவேன்? முந்தியால முகத்தைத் தொடச்சேன். அழுதேன்னு வேற சொல்லுதாவ. அழல, அடுப்புப் புகை. அன்னையில இருந்து ஒரு பய என்னய எதிர் டீமுங்கல. மளிகைக் கடைக்காரன் ‘சந்தனமாரி மைனி’ங்கான். எல்லாம் கிடைச்சுட்டு. ஆனா அந்த ஆளுக்கு அடி விழுந்ததே அந்த ஆளுக்குத் தெரியல. என்னய நல்லவன்னு நினைச்சுக்கிட்டுத் திரியுதாரு. இதைப் போல ஒரு தோல்வி உண்டா, சொல்லுங்க.

கனிக்கு மட்டும் தெரிஞ்சுட்டு. சாயந்தரம் வீட்டுக்கு வந்தா. ‘யம்மா, உளுந்தங்களியைப் பிள்ளை கேட்டாளா, நீயாப் போட்டியா?’ன்னா. அவகிட்ட நான் ஏன் மறைக்கணும்? ‘நானாத்தாம்ளா போட்டேன். உன்னய ஒரு நாள் வெளிய நிப்பாட்டுனாம்லா, அதுக்குத்தான். உனக்காகத்தான்’னேன். சந்தோசப்படுவான்னு நினைச்சேன் அண்ணாச்சி.

‘எனக்காகவா? எங்கிட்ட எடையைக் கேட்டு, என் நோட்டைப் பாத்துட்டுப் போயி, எனக்காகவா? அந்த நாலு தோசையை நான் பசிச்சாத் தின்னேன்? தின்னாட்டா நீ அழுவன்னு தின்னேன். மாஸ்டர் அன்னைக்கு உன்னயச் சொன்னது அநியாயம்னு இத்தனை நாளும் நினைச்சுக்கிட்டு இருந்தேம்மா’ன்னா. அவ்வளவுதான் சொன்னா. நினைச்சுக்கிட்டு இருந்தேன்னா. அப்போ இப்போ என்ன நினைக்கான்னு நான் கேக்கல.

கிளம்பும்போது வாசல்ல நின்னு, ‘நீயா அவங்ககிட்டச் சொல்லுத வரைக்கும் இந்த வீட்டுல நான் கை நனைக்க மாட்டேன்’னுட்டுப் போனா. சும்மா கோவத்துல சொல்லுதான்னு விட்டேன். பதினோரு மாசம் ஆச்சு அண்ணாச்சி. ஞாயித்துக்கிழமை தவறாம வாரா, துணி தொவச்சுத் தாரா, மாத்திரை வாங்கித் தாரா. தண்ணிகூட அவ கொண்டுவந்த பாட்டில்தான். நேத்து அவளுக்குப் பிடிக்குமேன்னு தேங்காய்ப்பால் எடுத்துச் சொதி வச்சேன். ‘சாப்பிட்டுட்டுத்தாம்மா வந்தேன்’னா. நான் உள்ள போயிட்டு வாரதுக்குள்ள பைக்குள்ள இருந்து ரெண்டு ரொட்டியை எடுத்துத் தின்னுக்கிட்டு இருக்கா. ஊருக்கெல்லாம் பொங்கிப் போடுதேன், எம்மக என் வீட்டுல ரொட்டியைத் தின்னுதா. சொதியைக் கொண்டு கோழிக்குக் கொட்டுனேன்.

உங்க ஃபோன்ல அவரு நம்பரு இருக்கும்லா? போட்டுத் தாங்க. இப்பவே போடுங்க. நான் மன்னிப்புக் கேக்கப் போறேன்னு நினைச்சிராதீங்க, அதுக்கு வேற ஆளப் பாக்கணும். வாங்குன பழி பாதியில நிக்கி, அதை முடிக்கணும். உம் பிள்ளைக்கு எடையைக் கூட்டுனது பசி இல்லடே, சந்தனமாரின்னு அவரு காதுல விழணும். எடுத்த வார்த்தையைத் திரும்பப் போட்டுக்கிடட்டும், ஊரு என்ன வேணாலும் கூப்பிடட்டும். எம்மகளும் வந்து இலையில உக்காருவா. மணி அடிக்குதா? குடுங்க இங்க.

ஹலோ, மாஸ்டரா? சந்தனமாரி பேசுதேன். உங்ககிட்ட ஒரு விசயம்... யாரு? மாஸ்டர் இல்லையா? பெனிட்டாவா?

அண்ணாச்சி, மக எடுத்துட்டா.

ஆமா தாயி, அத்தைதான். இருக்கேன், நல்லா இருக்கேன். அப்பா எங்க? கிரவுண்டுக்கா. ஃபோனை வச்சுட்டுப் போயிட்டாவளா. சரி சரி, ஒண்ணுமில்ல, அப்பாகிட்டத்தான் பேசணும், அப்புறமாக் கூப்பிடுதேன். நீ சாப்பிட்டியா? ஏன், மணி மூணாகுதே. நாளைக்கு எடையா.

என்னளா சொல்லுத? கேக்கல, சத்தமாச் சொல்லு. பயமா இருக்கா, சோத்தைப் பாத்தாலே பயமா இருக்கா? யாரு சொன்னா அப்படி? நீயாச் சொல்லிக்கிடுதியா? அன்னைக்கு அப்பா தின்னச் சொல்லியிருந்தாலும் வாயைக் கட்டத் தெரியாம நீ தின்னதாலதான் எல்லாம் போச்சுன்னா? அதுக்காகவா இத்தனை மாசமா...

இல்ல தாயி. வைக்காத. ஃபோனை வைக்காத. அப்பா வரட்டும்னு இருக்க வேண்டாம், இது அப்பாகிட்டச் சொல்ல வேண்டியது இல்ல. உங்கிட்டச் சொல்ல வேண்டியது. எங்கயாவது உக்காரு. உக்காந்துட்டியா?

அன்னைக்கு உங்கப்பா சாப்பிடச் சொல்லல. நான்தான் பொய் சொன்னேன். நீ போதும்னுதான் சொன்ன, ரெண்டு தடவை சொன்ன. உன் எடை எவ்வளவுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் போட்டேன்.